கஞ்சித்தொட்டி உணர்த்தும் பாடம்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், உதவி நாடிய ஏழைகளை 1834-ஆம் ஆண்டுச் சட்டம் 'ஒர்க்ஹவுஸ்' எனும் உழைப்பில்லங்களுக்கு அனுப்பியது. அங்கே குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. கடும் வேலை வாங்கப்பட்டது. உதவி கேட்கவே மக்கள் தயங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்னாளில் அவற்றுள் பல, லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் போல, மருத்துவமனைகளாயின. ஆயினும் முதியோர் பலர் அக்கட்டடங்களுக்குள் நுழைய அஞ்சினர்.

சென்னையிலும் இதற்கு நெருக்கமான வரலாறு உண்டு. ஹைதர் அலியுடனான போரையொட்டிப் பஞ்சம் சூழ்ந்த 1782-இல், ராயபுரத்துக்கு அருகே பசித்தோருக்குக் கஞ்சி வார்க்கும் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. 1799-இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் அங்கே மருத்துவமனை தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை; 1938-இல் அது மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. சத்திரம் ஆதரவற்ற முதியோரின் இல்லமாயிற்று.

ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்ட பின்னரும், வடசென்னை மக்களின் நாவில் அது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'யாகவே நிலைத்தது. பசியாற்றிய நினைவை அப்பெயர் இன்றும் சுமக்கிறது. நாணச் செய்து வழங்கிய உதவியோ, கட்டடத்தின் பயன் மாறிய பிறகும் அச்சமாகவே எஞ்சியது. உணவாயினும் மருத்துவமாயினும், அரசின் உதவிக்கு உரைகல் ஒன்றே: நாடி வருபவர் தலைநிமிர்ந்து உள்ளே நுழைய முடிகிறதா?