கட்டாந்தரையில் விளைந்த சோளம்

மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போவது எங்கும் உள்ள கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவில், 1984 முதல் புர்கினா ஃபாசோ என்று பெயர் பெற்றுள்ள நாட்டின் யாத்தெங்கா பகுதியிலும் பஞ்ச காலத்தில் அதுவே நடந்தது. வாலிபர்கள் பலர் ஐவரி கோஸ்ட்டுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்டனர். நிலம் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தது. பெய்த சிறு மழையும் ஓடி மறைந்தது.

யாக்கூபா சவடோகோ என்பவரோ, 1980 வாக்கில் சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டுக் கிராமத்துக்கே திரும்பினார். 'ஸாய்' என்னும் பழைய குழி முறையைக் கையில் எடுத்தார். ஏறக்குறைய ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம், உள்ளே எரு. கோடையில் குழி தோண்டியவரைப் பைத்தியம் என்றது ஊர். எருவைத் தேடிக் கறையான் வந்தது. வீட்டில் கதவு நிலையை அரிக்கும் அதே கறையான், அங்கே கூலி கேட்காத ஆள்! அது துளைத்த வழியே மழைநீர் இறங்கியது. சோளம் நிமிர்ந்தது. எருவில் இருந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றை வெட்டாமல் காத்ததில் 60 ஏக்கருக்கு மேல் காடாயிற்று.

வித்தையை அவர் ஒளிக்கவில்லை. பல ஊர் விவசாயிகளை அழைத்துக் காட்டினார், விதை கொடுத்தார். ஆனால் எருவும் ஆள் பலமும் இல்லாதவர்களுக்கு இது சுலபமல்ல. முதுகு ஒடியும் வேலை.

2018-இல் 'மாற்று நோபல்' எனப்படும் பரிசு கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார். அவர் உயிரோடு இருந்தபோதே வாகிகூயா நகரம் விரிந்து, அந்தக் காட்டில் ஒரு பகுதி வீட்டுமனைக்குப் போய்விட்டது.