தேர்தற் செய்தியும் சொல்லின் நிறையும்

ஒரு பத்திரிகை எந்த வேட்பாளரை விரும்புகிறது, எவரை வெறுக்கிறது என்பதை அது வாய்விட்டுச் சொல்லவேண்டுவதில்லை. 'கூறினார்' என்று எழுதவேண்டிய இடத்தில் ஒருவருக்கு 'முழங்கினார்' என்றும், மற்றொருவருக்குப் 'பிதற்றினார்' என்றும் எழுதினாற் போதும்; வாசகர் மனம் தானே சாய்ந்துவிடும். இச்சாய்வைக் கண்டறியும் பணியை இன்று கணினியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். உணர்வுப் பகுப்பாய்வு என்பது அதன் பெயர். நற்சொல், தீச்சொல் எனப் பட்டியல் வகுத்து, ஒருவர் பெயரைச் சூழ்ந்து வருவன எவை என எண்ணுவது அதன் எளிய வடிவம். எண்ணும் முறை புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே அமெரிக்க அறிஞர் ஹரோல்ட் லாஸ்வெல் பிரசாரச் சொற்களை இவ்வாறு ஆராய்ந்தார்.

தமிழ் இக்கருவிக்கு எளிதில் வசப்படுவதில்லை. 'வெற்றி' என்ற சொல்லைக் கண்டு மகிழும் பொறி, 'வெற்றி பெறவில்லை' என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் மறுப்பைத் தவறவிட்டாற் கணக்கே தலைகீழாகும். மலையகத்துக்கு வந்தாலோ சிக்கல் இன்னும் ஆழமானது. 'உயர்வு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சம்பள உயர்வு கொழுந்து பறிப்பவளுக்கு நற்செய்தி; கோதுமை மாவின் விலை உயர்வு அவள் அடுப்புக்குத் துயரச் செய்தி. அதே சம்பள உயர்வு தோட்டக் கம்பனிக்குச் செலவு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என விதிக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன அல்லவா? ஆகவே ஒரு சொல்லை நல்லதென்று குறிப்பவர், அது யாருக்கு நல்லது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்று பாராளுமன்றம் புகுந்தனர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இற் கூடிய பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை.

வாக்கில்லாதவரிடம் எந்த வேட்பாளர் வந்து வாக்குறுதி தருவார்? 1952ஆம் ஆண்டுத் தேர்தற் செய்திகளை இன்று கணினியில் இட்டால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் புகழ்ச்சி இவ்வளவு, இகழ்ச்சி இவ்வளவு என அது பிரித்துத் தரும். பட்டியலினின்று நீக்கப்பட்ட தொழிலாளியின் பக்கத்தில் அது இடுவது பூச்சியம். பூச்சியத்தை 'நடுநிலை' என்று வாசிப்பது அப்பொறியின் வழக்கம். ஒரு சமூகத்தையே வாக்காளர் இடாப்பிலிருந்து அழித்த செயலை நடுநிலை என்று எவ்வாறு சொல்வது?

குடியுரிமை பின்னர் படிப்படியாக மீண்டது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோருக்கும் வழி திறந்தன. இன்று மலையக வாக்கை நாடாத கட்சி அரிது. எனினும் 'தோட்ட வாக்குகள் யாருக்கு?' என்ற தலைப்பைக் காணும்போதெல்லாம் என் மனம் உறுத்துகிறது. அத்தலைப்பில் வாக்கு இருக்கிறது, வாக்களிப்பவர் இல்லை.

ஆசிரியர்கள் தேர்தற் செய்தியொன்றை வகுப்பிற்குக் கொண்டுசென்று, மாணவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: பேசுபவர் யார்? அவருக்கு அளிக்கப்பட்ட வினைச்சொல் எது? பேசவேண்டியிருந்தும் பேசாமல் விடப்பட்டவர் யார்? முதலிரண்டுக்கும் கணினி துணைசெய்யும். மூன்றாவதற்கு விடைகாணத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உதவும். கொழுந்து நிறுக்கும்போது அவர்களுடைய தாய்மார் தராசு காட்டும் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. ஈரத்துக்கும் சாக்குக்கும் என எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்பதையும் கேட்டறிவார்கள்.