கோலி ஏன் விழவில்லை?

சோடாவை அடைத்து வைப்பது ஒரு காலத்தில் பெரும் தலைவலி. தக்கை காய்ந்தால் சுருங்கும்; சுருங்கினால் வாயு போய்விடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்கட்டும் என்று, முட்டைபோல் அடி உருண்ட புட்டிகளை இங்கிலாந்தில் செய்தார்கள். படுக்கத்தான் வைக்க முடியும். நிற்கத் தெரியாததே அவற்றின் தகுதி!

1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற புட்டி, தக்கையையே ஒழித்துவிட்டது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். நிரப்பித் தலைகீழாக்கினால் கோலி வளையத்தில் போய் உட்காரும். பிறகு நிமிர்த்தினாலும் விழாது. உள்ளே அடைபட்ட கரியமில வாயு அதைத் தாங்கிக்கொள்கிறது. வாயின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், உள்ளழுத்தம் வெளியைவிட மூன்று வளிமண்டலம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கிராம் கோலியை ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசை மேலே நெட்டுகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயுவே கதவைச் சாத்திக்கொள்கிறது. எனக்கு இதில்தான் தீராத வியப்பு.

அதனால்தான் சோடா உடைக்கக் கட்டைவிரலில் அத்தனை பலம் வேண்டியிருக்கிறது. கோலி இம்மியளவு இறங்கினால் போதும், இடுக்கு வழியே வாயு சீறிக்கொண்டு பாயும். கடைக்காரர் தனியாக விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. ஒருவருக்கு உடைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தாகம் எடுக்கும்.

குடிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கழுத்தில் இருக்கும் குழிகள் கோலியைப் பிடித்து நிறுத்தத்தான். குழிகள் இருக்கும் பக்கம் கீழே வரும்படி சாய்க்க வேண்டும். பழகாதவர் மாற்றிச் சாய்த்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துவிடும். புட்டி நிறைய சோடா, நாக்குக்கு ஒரு சொட்டு இல்லை.

1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவு, கழுவச் சுலபம், கோலிக்காகப் பிள்ளைகள் உடைக்கவும் மாட்டார்கள். காட்டின் புட்டி இங்கிலாந்தில் மெல்ல வழக்கொழிந்தது. ஆனால் நம் ஊரிலும் ஜப்பானிலும் பிழைத்துக்கொண்டது. ஜப்பானில் அதன் பெயர் ராமுனே. கோடைத் திருவிழாக் கடைகளில் இன்றும் பிள்ளைகள் கேட்டு வாங்குவது.

வாயுவைக் காக்கக் கோலி இப்போது தேவையே இல்லை. இருந்தும் பன்னீர் சோடா அந்தப் புட்டியில்தான் கல்யாண மண்டபத்துக்கு வருகிறது, கூடுதல் விலையில். கழுவக் கஷ்டம், திறக்கக் கஷ்டம் என்று ஒதுக்கப்பட்ட குறைகளுக்குத்தான் அந்தக் கூடுதல் காசு. ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், கோலியை உள்ளே தள்ளுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் குமிழையும் புட்டியோடு சேர்த்து விற்கிறார்கள்.