சுவரோடு பேசிய இல்லத்தரசி

காதற் கதை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவோர் இருபது வயதுக் காளையும் கன்னியுமே. அவர்கள் மணமாலை சூடியதும் கதை முடிந்துவிடும். பின்னர் ஆண்டுகள் பல உருண்டோடி, பிள்ளைகளும் வளர்ந்து வீட்டை விட்டகன்ற பின், அக்கன்னியின் உள்ளம் என்ன ஆயிற்று என்று கேட்கும் படங்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று, 1989ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷேர்லி வலன்டைன்' என்னும் ஆங்கிலப் படம். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் இந்தப் படம், குடும்பத்தார் யாவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியையும் நம்மிடம் விட்டுச் செல்கிறது.

கதை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஆரம்பமாகிறது. கதாநாயகி ஷேர்லிக்கு வயது 42. கணவன் ஜோ கொடியவனல்லன், குடிகாரனுமல்லன். ஆனால், குறித்த நேரத்தில் உணவு மேசைக்கு வந்துவிட வேண்டும். இன்ன கிழமைக்கு இன்ன உணவு என்ற ஒழுங்கும் பிசகலாகாது. மகனும் மகளும் தத்தம் வழியே போய்விட்டனர். பேச்சுத் துணைக்கு எவருமில்லாத ஷேர்லி, சமையலறைச் சுவருடன் பேசத் தொடங்குகிறாள். பைத்தியத்தால் அன்று, கேட்பதற்கு வேறு செவி இல்லாமையால்.

ஒரு வியாழக்கிழமை, கணவனுக்கென வைத்திருந்த இறைச்சியை ஒரு நாய்க்கு இட்டுவிடுகிறாள். அந்த நாயை வளர்ப்பவர்கள் மரக்கறி உண்பவர்கள். அவர்கள் அதற்கும் மரக்கறியையே கொடுத்து வந்தார்கள். அதன் மீது அவளுக்கு இரக்கம். அன்றிரவு ஜோவுக்குக் கிடைத்தது முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும். ஆத்திரமுற்ற அவன் தட்டை அப்படியே அவள் மடியிலே தள்ளிவிடுகிறான். தோழி ஜேன் கொடுத்திருந்த கிரேக்க நாட்டுப் பயணச் சீட்டைப் பயன்படுத்துவதா, விடுவதா என்று தயங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கணமே விடையளித்து விடுகிறது.

இக்கதையை எழுதியவர் வில்லி ரஸல். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு விலகிப் பெண்களுக்குச் சிகையலங்காரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டவர் அவர். பின்னர் மீண்டும் படித்து ஆசிரியராகி, நாடகாசிரியருமானார். கத்தரிக்கோலும் சீப்புமாக நின்ற நாட்களில் பெண்கள் மனம் விட்டுப் பேசுவதைக் கேட்ட காது அவருடையது. ஷேர்லியின் பேச்சிலே காணும் உயிர்த்துடிப்புக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். இரண்டாவது வாய்ப்பு என்பதன் அருமையை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார்.

கிரேக்கத் தீவிலே ஷேர்லி தனித்து விடப்படுகிறாள். உடன் வந்த ஜேன், விமானத்தில் சந்தித்த ஒருவரோடு போய்விட்டாள். கடலோரத்தில் மேசையிட்டு அமர்ந்து, திராட்சை விளையும் மண்ணிலேயே அதன் மதுவை அருந்தியபடி, கதிரவன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்பது அவளது நெடுநாளைய ஆசை. உணவகம் நடத்தும் கொஸ்தாஸ் அந்த மேசையைக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்று கொடுக்கிறான். ஆனால், ஆசை நிறைவேறிய அந்த வேளையில் மகிழ்ச்சிக்குப் பதிலாகத் துயரமே மேலிடுகிறது. உள்ளே இத்தனை உயிர் இருக்க, தான் வாழ்ந்ததோ இத்துணைச் சிறு வாழ்வு என்பதை அங்கேதான் உணர்கிறாள்.

பின்னர் கொஸ்தாஸுடன் படகுப் பயணமும் காதலும் தொடர்கின்றன. 'இனி இவனோடு வாழ்வாள்' என்று நாம் எண்ணும்போது கதை வேறு திசையில் திரும்புகிறது. ஊர் திரும்பும் நாளன்று விமான நிலைய வரிசையை விட்டு விலகி, அவள் உணவகத்துக்கே திரும்பி வருகிறாள். அங்கே கொஸ்தாஸ் தன்னிடம் சொன்ன அதே இனிய மொழிகளை வேறொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்! அவளோ அழவுமில்லை, சினக்கவுமில்லை. அவள் நாடி வந்தது அவனையல்ல, ஒரு வேலையை. "நான் காதல் கொண்டது வாழ்வின் மீதே" என்பது அவளுடைய நிலை. கணவன் தள்ளிவிட்ட அதே முட்டையையும் உருளைக்கிழங்கையும், கிரேக்க உணவுக்கு அஞ்சும் ஆங்கிலப் பிரயாணிகளுக்குச் சமைத்துப் பரிமாறி நன்மதிப்பைப் பெறுகிறாள். சமையல் ஒன்றே, ஆனால் சமைப்பவள் இப்போது வேறொருத்தி.

இடையிடையே வரும் நகைச்சுவைக் காட்சிகளும் இக்கருத்தையே சுட்டுகின்றன. எப்போதும் தன்னை மட்டந்தட்டும் அயல்வீட்டு ஜிலியனிடம், காதல் தேடியே கிரேக்கம் போவதாக ஷேர்லி குறும்பாகச் சொல்லிவைக்கிறாள். ஏளனம் செய்வாள் என்று பார்த்தால், ஜிலியன் தான் ஒருநாளும் அணியத் துணியாத பட்டு மேலங்கியைக் கொண்டுவந்து கொடுத்து வாழ்த்துகிறாள்! பள்ளியிலே யாவரும் புகழ்ந்த மார்ஜரியும், "உன்னைப் போல் இருக்கவே நான் ஆசைப்பட்டேன்" என்று பிற்காலத்தில் மனந்திறக்கிறாள். வாழாத வாழ்வு ஷேர்லிக்கு மட்டும் உரியதன்று. அடுத்த வீட்டிலும் அது பெட்டிக்குள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

குடும்பத்தை விட்டுப் போவதை இப்படம் போற்றுகிறதோ என்று சிலர் ஐயுறக்கூடும். முடிவைக் கவனித்தால் அவ்வையம் பெரிதும் நீங்கும். மனைவியை அழைத்துப் போக ஜோ தீவுக்கு வருகிறான். கடலோரத்தில் அமர்ந்திருக்கும் அவளை யாரெனத் தெரியாமலே கடந்து செல்கிறான். அவள் அவனைக் கூப்பிடுகிறாள். மனைவியாகவும் தாயாகவும் இருந்தவள் இப்போது மீண்டும் ஷேர்லி வலன்டைன் ஆகிவிட்டதாகக் கூறி, தன்னோடு அமர்ந்து அருந்த வருமாறு அழைக்கிறாள். வலன்டைன் என்பது மணமாகுமுன் அவள் தாங்கிய பெயர். அவள் கணவனைத் துறக்கவில்லை. அவனும் தன்னைப் புதிதாய்க் கண்டுகொள்ள ஒரு வாய்ப்பளிக்கிறாள். அவன் மாறுவானா என்பதைப் படம் கூறாமலே விடுகிறது. அதுவே அதன் நேர்மை.

படத்தை இயக்கியவர் லூயிஸ் கில்பேர்ட். கிரேக்கக் காட்சிகள் மைக்கொனொஸ் தீவில் எடுக்கப்பட்டன. கொஸ்தாஸாக டொம் கொன்டியும், ஜோவாக பேர்னார்ட் ஹில்லும் நடித்தனர். ஷேர்லியாக வாழ்ந்து காட்டிய போலின் கொலின்ஸ், இதே பாத்திரத்தை முன்னரே இலண்டன் மேடையிலும், 1989இல் நியூயோர்க் மேடையிலும் தனியொருவராய் நின்று நடித்து, நியூயோர்க்கில் டோனி விருதும் பெற்றவர். படத்துக்காக ஒஸ்கார் விருதுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அவ்வாண்டு அவ்விருதை வென்ற ஜெசிக்கா டாண்டிக்கு வயது 80! முதுமையும் நடுவயதும் திரைக்கு ஆகாதவை என்போருக்கு இதைவிட விடை வேறு வேண்டுமோ?

இப்படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் தம் தாயை நோக்கித் திரும்புவார்களாயின் அதுவே அதன் பெரும் பயன். தாய் என்பவள் உணவு படைக்கும் கைகள் மாத்திரமல்லள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு கடற்கரை உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்கலாம். அவள் அதைச் சுவரிடம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.