தாலந்தைப் புதைக்க வைத்த பயம்



மருத்துவமனை மடலில் வியாபாரத்தைப் பற்றி ஏன் எழுதுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. பயம் மனதில் மட்டும் தங்குகிற காரியமல்ல. நாம் பயப்படும்போது அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது; இருதயம் வேகமாகத் துடிக்கிறது; இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுகிறவனுக்கு இது உதவி. ஆனால் கடனை நினைத்து மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் புரளுகிறவனுக்கு இதுவே நோயாகிறது. மாத்திரை கொடுத்தால் மட்டும் அவருக்குப் போதாது. அவருடைய பயத்தையும் நாம் விசாரிக்க வேண்டும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன தாலந்துகளின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஒரு தாலந்து என்பது ஒரு கூலிக்காரனின் பல வருடச் சம்பளத்துக்குச் சமமான தொகை. அதைப் பெற்ற மூன்றாவது ஊழியக்காரன் திருடவில்லை, குடித்து அழிக்கவுமில்லை. பயந்து போய் மண்ணில் புதைத்தான், அவ்வளவுதான். மற்ற இருவரும் வியாபாரம் செய்தார்கள். நஷ்டம் வரக்கூடும் என்பது அவர்களுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

திருப்பனந்தாள், அணைக்கரை, கும்பகோணம் பக்கத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. இங்கே எல்லாத் தொழிலும் நெல்லைச் சார்ந்தது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்பதை விவசாயி மட்டுமல்ல, தையல் கடைக்காரரும் பம்புசெட் பழுது பார்க்கிறவரும்கூட எதிர்பார்க்கிறார்கள். குறுவையோ சம்பாவோ வீடு வந்து சேர்ந்தால்தான் கடன் நோட்டில் உள்ள பாக்கி வசூலாகும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே, பயப்படுகிறவரைப் பார்த்து, "உங்களுக்கு விசுவாசம் இல்லை" என்று சொல்லிவிடுவது நியாயமல்ல.

இதே தஞ்சையில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவரின் சாட்சியை இங்கே நினைவுகூருகிறோம். தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். சித்த மருத்துவத்தில் நாட்டங்கொண்டு, சுருளி மலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் மூலிகை மருத்துவம் கற்றார். பின்பு தஞ்சைக்கு வந்து, அவரும் அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் பள்ளியில் ஆசிரியர்களாக வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆனாலும் 1890ஆம் ஆண்டு அந்த வேலையை விட்டு, முழு நேரமும் மருத்துவத்தில் இறங்கினார்கள்.

கர்த்தர் அந்த முயற்சியை ஆசீர்வதித்தார். அவர்களுடைய சஞ்சீவி மருந்துகள் கடல் கடந்தும் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்னும் பண்ணை உருவானது. ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். 1909இல் அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. சம்பாதித்ததை அவர் புதைத்து வைக்கவில்லை. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை ஏற்படுத்தி, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். தமிழிசை ஆராய்ச்சி நூலான கருணாமிர்த சாகரத்தை 1917இல் தமது அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1919இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இவருடைய வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு அவர் குதிக்கவில்லை. தொழிலை முன்னரே கற்றிருந்தார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரும் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் போதித்தாரே! இரண்டாவது, தனியாகச் செய்யவில்லை. மனைவியும் பாரத்தைச் சுமந்தார். கடனை வீட்டாருக்கு மறைப்பதே அநேகருடைய பயத்தை இரட்டிப்பாக்குகிறது. மூன்றாவது, ஒரே வருமானத்தை அவர் நம்பியிருக்கவில்லை. மருந்து, பண்ணை, அச்சகம் என்று பல வழிகள் இருந்தபடியால் ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கும்.

இன்று தொழில் தொடங்க விரும்புகிற சகோதர சகோதரிகளும் இப்படியே செய்யலாம். பயத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எல்லாம் போய்விடும்" என்று இரவில் தோன்றுவது, காலையில் எழுதிப் பார்த்தால், "ஆறு மாதத்தில் இருபதாயிரம் ரூபாய் நஷ்டமாகலாம்" என்று ஒரு அளவுக்குள் வந்துவிடும். அளவு தெரிந்த பயத்துக்கு ஏற்பாடு செய்யலாம். அதற்காகக் குறிப்பிட்டு ஜெபிக்கவும் முடியும். கந்துவட்டிக்குப் போகுமுன் வங்கியைக் கேளுங்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் சிறு கடன் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்திலும் ஆலோசனை பெறலாம். வீட்டுச் செலவையும் கடைப் பணத்தையும் ஒன்றாகக் கலக்காதிருங்கள். நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

விசுவாசித்தால் நஷ்டமே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாய் உழைத்தும் கடையை மூட வேண்டி வந்தவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை, நாமும் தள்ளிவிடலாகாது. உவமையில் எஜமான் கடிந்துகொண்டது நஷ்டப்பட்டவனை அல்ல, முயற்சி செய்யாதவனையே.

அன்பானவர்களே, உங்கள் சபையிலும் பயந்துகொண்டிருக்கிற ஒரு வாலிபனோ, ஒரு விதவைத் தாயோ இருக்கலாம். நெடுநாள் கடை நடத்திய அனுபவமுள்ளவர்கள் வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். அவர்களிடம் பொருள் வாங்கும்போது கையோடு பணம் கொடுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். புதைந்து கிடக்கிற ஒரு தாலந்தாவது இந்த ஆண்டில் வெளியே வரக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.