மண்ணில் தங்கும் மருந்தும் அதைத் தின்னும் பாக்டீரியாவும்

பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வசை பழகிப்போன ஒன்று. "போன வருஷம் இதே மருந்துதான் போட்டேன், நன்றாகக் கேட்டது. இந்த வருஷம் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவில் என்ன கலந்து வைத்திருக்கிறீர்கள்?" என்று விவசாயி கடை வாசலில் நின்று கேட்பார். போலி மருந்து சந்தையில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பூச்சிக்கு மருந்து பழகிப்போவதும் உண்டு. ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. மருந்தை மண்ணே தின்றுவிடுகிறது.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஐ.ஆர்.8 நெல் வந்தது அங்கிருந்துதான். அங்கே புகையான் பூச்சிக்காக வயல் தண்ணீரில் டயசினான் என்ற மருந்தைப் போட்டு வந்தார்கள். முதலில் போட்டபோது தண்ணீரில் பல நாள் நின்ற மருந்து, திரும்பத் திரும்பப் போட்ட வயலில் சில நாட்களிலேயே காணாமல் போயிற்று. எங்கே போயிற்று என்று தேடியவர்களில் ஒருவர் சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானி. அந்த வயல் தண்ணீரில் டயசினானை உடைத்துத் தின்னும் ஒரு பாக்டீரியா பெருகியிருப்பதை 1971இல் எழுதினார்கள். 1973இல் அவரும் யோஷிடா என்ற ஜப்பானியரும் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து, அது பாரத்தியானையும் உடைக்கிறது என்று காட்டினார்கள். பாரத்தியான் என்றால் 1958இல் கேரளத்தில் கோதுமை மாவில் கலந்து நூறு பேருக்கு மேல் உயிரிழக்கக் காரணமான அதே பாரத்தியான். உணவுப் பண்டத்தோடு மருந்தை ஒரே இடத்தில் ஏற்றக்கூடாது, வைக்கக்கூடாது என்பதற்கு இன்றுவரை சொல்லப்படும் உதாரணம் அது.

மருந்து விற்பவருக்கு இந்தச் செய்தி நஷ்டமாகத் தோன்றலாம். மளிகை வியாபாரிக்கு இது வேறு கணக்கு.

நம்மிடம் வரும் மூட்டையில் கல் இருந்தால் சலிக்கலாம், தூசி இருந்தால் புடைக்கலாம், ஈரம் இருந்தால் காய வைக்கலாம். மருந்து எச்சம் இருந்தால் என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மேலே படிந்ததில் கொஞ்சம் கழுவினால் போகும். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறியது போகாது. ஆனால் சாம்பிள் எடுக்க வரும்போது மூட்டை இருப்பது நம் கடையில், பில் இருப்பது நம் பெயரில். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் இந்தக் கவலை இல்லாத வியாபாரி யார்? ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். தனி வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நம் கணக்கில் சொன்னால், பத்து டன் லாரி பத்து லாரி சரக்கில் மொத்தமாக ஒரே ஒரு கிராம்!

ஆகவே மண்ணில் கிடக்கும் பழைய மருந்து நம் பிரச்சினையும்தான். அதில் முதலிடம் பி.எச்.சி. தூளுக்கு. கமாக்சின் என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நெல்லுக்கும் போட்டார்கள், கடலைக்கும் போட்டார்கள், வீட்டு மூலையில் எறும்புக்கும் தூவினார்கள். இதன் தயாரிப்பில் இருந்த கூத்தைக் கேளுங்கள். ஆலையிலிருந்து வரும் நூறு கிலோ பி.எச்.சி.யில் பூச்சியைக் கொல்லும் 'காமா' என்ற வகை 10 முதல் 15 கிலோதான். மீதி ஆல்பா, பீட்டா, டெல்டா என்று உடன்பிறப்புகள். பூச்சி விஷயத்தில் அவை வெறும் தண்டம், ஆனால் மண்ணில் தங்குவதில் கெட்டிக்காரர்கள். நூறு கிலோ துவரம்பருப்பு மூட்டையில் 85 கிலோ கல் இருந்தால் நாம் வாங்குவோமா? நாடு முழுவதும் வாங்கி வயலில் கொட்டிற்று. இந்த வகைகளில் பீட்டாதான் மிகப் பிடிவாதமானது. கொழுப்பில் போய் ஒட்டும் குணமும் இவற்றுக்கு உண்டு. வைக்கோல் வழியாக மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும் நெய்க்கும் வந்து சேர்ந்ததை 1980களிலும் 1990களிலும் நம் நாட்டுப் பரிசோதனைகள் காட்டின. பி.எச்.சி.க்கு 1997 ஏப்ரலில் தடை வந்தது. காமாவை மட்டும் பிரித்து விற்ற லிண்டேன், உற்பத்தியில் 2011இலும் உபயோகத்தில் 2013இலும் நிறுத்தப்பட்டது. சட்டம் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மண்ணிலிருந்து எடுப்பது யார்?

இங்கேதான் பாக்டீரியா வருகிறது. பிலிப்பைன்ஸில் வேலை பார்த்த அதே சேதுநாதன் ஒடிசாவில் கட்டாக் நகரில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். இன்று அதன் பெயர் தேசிய நெல் ஆராய்ச்சி நிலையம். அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் பயிரின் வேரடி மண்ணிலிருந்து பி.எச்.சி.யைத் தின்னும் பாக்டீரியாவைப் பிரித்து 1990இல் வெளியிட்டார்கள். பிற்பாடு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ரூப் லால் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 2005இல் அதற்கு 'ஸ்பிங்கோபியம் இண்டிகம்' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, கவனித்தீர்களா? ஜப்பானிலும் இதே ஜாதியில் ஒன்று கிடைத்தது. எங்கே தெரியுமா? ஆண்டுக்கு ஒருமுறை வீதம் 12 ஆண்டுகள் லிண்டேன் போட்ட பரிசோதனை வயலில். எந்த மண்ணில் நஞ்சு அதிகம் விழுந்ததோ அந்த மண்ணிலேயே அதைத் தின்னும் உயிரும் பெருகியிருக்கிறது.

இது வேலை செய்யும் விதத்தை எளிமையாகச் சொல்கிறேன். பி.எச்.சி. என்பது ஆறு கரி அணுக்கள் வளையமாகக் கைகோத்து, ஒவ்வொன்றும் ஒரு குளோரினைச் சுமந்து நிற்கும் அமைப்பு. குளோரின் இருக்கும்வரை சாதாரண நுண்ணுயிர் எதுவும் வாய் வைக்காது. இந்தப் பாக்டீரியா தன்னிடம் உள்ள என்சைம்களால் முதலில் குளோரின்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். பிறகு வளையத்தை அறுக்கும். அதன் பின் மிஞ்சுவது அதற்குச் சாப்பாடு. கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் உப்பில் உள்ளது போன்ற குளோரைடும்தான் மீதி. காமாவையும் ஆல்பாவையும் இப்படித் தின்றுவிடும். பீட்டாவிடம் மட்டும் திணறும். ஒன்றிரண்டு குளோரினைக் கழற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவது உண்டு.

நன்செய்க்கும் புன்செய்க்கும் இதில் பெரிய வித்தியாசம். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில், காற்றில்லாத சேற்றில் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பி.எச்.சி.யை வெகு சீக்கிரம் உடைக்கின்றன என்று 1967இலேயே லாஸ் பானோஸில் கண்டார்கள். காய்ந்து கிடக்கும் மேட்டு நிலத்தில் அதே மருந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நிலத்துக்கு ஈரமும் தொழுவுரமும் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது. எருவில் நுண்ணுயிருக்குத் தீனி இருக்கிறது. தீனி இருந்தால் பெருகும், பெருகினால் மருந்தையும் சேர்த்து உடைக்கும். ரசாயன உரம் மட்டுமே கண்ட மண்ணில் எருவின் தீனி ஏது?

டெல்லிக் குழுவினர் பாக்டீரியாவை வளர்த்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைத் தூளாக்கி, அதில் ஏற்றி மண்ணில் கலந்து பார்த்தார்கள். பி.எச்.சி. அளவு நன்றாகக் குறைந்தது. நாம் குப்பை என்று ஒதுக்கும் கட்டை அங்கே வண்டியாகப் பயன்பட்டது. ஆஸ்திரேலியாவில் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. வேறு வழியில் போயிற்று. பாக்டீரியாவை விட்டுவிட்டு, அது சுரக்கும் என்சைமை மட்டும் எடுத்து, பருத்தி வயலிலிருந்து வடியும் தண்ணீரில் கலந்தார்கள். பாரத்தியான் ஜாதி மருந்தின் பெரும்பகுதி நிமிடக் கணக்கில் உடைந்தது. அதை லேண்ட்கார்டு என்ற பெயரில் விற்பனைச் சரக்காகவும் ஆக்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரு பாக்கெட் வாங்கி நிலத்தில் போட்டால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு மருந்தைத் தின்பது இன்னொன்றைத் தொடாது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பாக்டீரியாவை மண்ணில் உள்ள பழைய குடிகள் தின்றுவிடுவதும் உண்டு. மருந்து கொஞ்சமாக இருந்தால் தீனி போதாமல் அது செத்துவிடும். உடைவது வேறு, நஞ்சு போவது வேறு என்பதையும் மறக்கக்கூடாது. எண்டோசல்பானை மண்ணின் நுண்ணுயிர்கள் மாற்றும்போது எண்டோசல்பான் சல்பேட் வருகிறது. அது மூலச்சரக்குக்குக் குறையாத நஞ்சு, அதைவிட நாள் தங்குவது. மயில்துத்தம் போன்ற செம்பு மருந்துகளையோ, பழைய பாதரச, ஆர்சனிக் மருந்துகளையோ எந்தப் பாக்டீரியாவும் இல்லாமல் ஆக்க முடியாது. உலோகம் உலோகமாகவேதான் இருக்கும்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், இந்தச் சரக்கை விற்க இப்போது ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சென்ற ஆண்டு என் மண்டிக்கு டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். ஒரு லிட்டர் பாட்டில், 'மண்ணில் உள்ள எல்லா நஞ்சையும் முப்பது நாளில் எடுத்துவிடும்' என்றார். ஏஜென்சி எடுத்தால் முப்பது சதவீதக் கமிஷன் என்றார். "தம்பி, எந்த மருந்தை?" என்று கேட்டேன். "எல்லாவற்றையும்தான் ஐயா" என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அசோஸ்பைரில்லம் தழைச்சத்துக்கு, பாஸ்போபாக்டீரியா மணிச்சத்துக்கு, சூடோமோனாஸ் பயிர் நோய்க்கு. இவை நல்ல சரக்குகள்தான், தாராளமாக விற்கலாம். ஆனால் மருந்து எச்சத்தைத் தின்னும் சரக்கு என்று இவற்றின் தலையில் லேபிள் ஒட்டினால் வாங்காதீர்கள். எந்த மருந்து, எந்தப் பாக்டீரியா, கிராமுக்கு எத்தனை உயிர், எந்தத் தேதி வரை, எந்த ஆய்வுக்கூடம் மண்ணை முன்னும் பின்னும் சோதித்தது என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தருகிறவரிடம் பேசலாம்.

கொள்முதல் விஷயத்தில் என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மிளகாயும் மஞ்சளும் பெருமளவு எடுக்கும் ஊர்களில், அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் இருந்தது, என்ன மருந்து விழுந்தது, எரு போடுகிறார்களா என்று விசாரித்து நோட்டில் குறித்துக்கொள்கிறேன். ஊர் ஒன்றுக்கு ஒரு சாம்பிள் சீசன் தொடக்கத்திலேயே எச்சப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். தனி ஆளுக்கு இந்தச் செலவு கொஞ்சம் கடிக்கிறது. ஒரே ஊரில் சரக்கு எடுக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சாம்பிளை அனுப்பினால் தலைக்கு வருவது பெரிய தொகை இல்லை. விருப்பமுள்ள உறுப்பினர்கள் வரும் மாதக் கூட்டத்தில் சொன்னால், இந்தச் சீசனுக்கே ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம்.