அரியலூர் வெயிலில் பிலிம் கழுவலாமா?

சினிமா பிலிமைக் கழுவுவதற்கென்றே ஒருவர் வாரந்தோறும் வெளியூர் போய்வந்தார் என்றால் நம்புவீர்களா? 1910-களில் 'கீசக வதம்' மௌனப் படத்தை எடுத்த நடராஜ முதலியார்தான் அவர். சென்னை மில்லர்ஸ் ரோட்டில் படப்பிடிப்பு. வார இறுதியில் பெங்களூரில் தாமே அமைத்த கூடத்தில் கழுவும் வேலை. திங்கட்கிழமை மறுபடி சென்னை. பெங்களூரின் குளிர்ச்சிக்காகவே இந்த அலைச்சல்!

பிலிமின்மேல் படத்தைத் தாங்கும் பூச்சு ஜெலட்டின். வெந்நீர் பட்டால் ஊறி உப்பி இளகிவிடும். பிறகு நகம் பட்டாலும் உரியும். சித்திரை மாதத்து மொட்டைமாடித் தொட்டி நீரைத் தொட்டுப் பார்த்த பெரம்பலூர், அரியலூர்வாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வீட்டு இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் பிரதி தயாரிக்க விரும்பும் அன்பர்கள் டெவலப்பரைத் தேர்ந்தெடுக்குமுன் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

படம் பிடிக்கும் நெகட்டிவ் வேறு, திரையில் ஓடும் பிரதி வேறு. பிரதி பிலிமுக்கு வேகம் குறைவு. சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம். பலர் கைக்குக் கிடைக்கிறதே என்று டி-76 கரைசலில் இதைப் போடுகிறார்கள். அது 1920-களில் கோடாக் கம்பெனி நெகட்டிவுக்காக வகுத்தது. போராக்ஸ் சேர்ந்த சாதுவான கரைசல். அதில் கழுவிய பிரதி, திரையில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பிரதிக்கு ஏற்றது டி-16. லிட்டருக்கு மெட்டால் 0.3 கிராம்தான், ஹைட்ரோகுவினோனோ 6 கிராம். சோடியம் கார்பனேட் கருமைக்கு வேகம் தரும். பொட்டாசியம் புரோமைட் மூட்டம் படியாமல் தடுக்கும். காமிராவிலேயே பிரதி பிலிமை மாட்டிப் படம் பிடிப்பவருக்கு மட்டும் டி-76-ன் சாதுத்தனம் அனுகூலம்.

அடுத்தது தண்ணீர். அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்குப் பாக்கியம், இருட்டறைக்கோ உபத்திரவம். உப்பு நீரில் கரைத்த டெவலப்பர் வெள்ளையாகத் திரிந்து பிலிமில் ஒட்டும். ஒரு துகள் திரையில் எவ்வளவு பெரிதாகும் என்று சொல்லவா வேண்டும்? மழை நீர் உத்தமம். இல்லையேல் பாட்டரிக்கு விற்கும் வாலை வடிநீர்.

உஷ்ணத்துக்குப் பரிகாரம், டெவலப்பரில் லிட்டருக்குச் சுமார் 45 கிராம் ஈரமற்ற சோடியம் சல்பேட், ஜெலட்டின் உப்பாது. ஐஸ் கட்டியைக் கரைசலில் போடாதீர்கள், நீர்த்துவிடும். பாத்திரத்தைச் சுற்றி வையுங்கள். டெவலப்பர், ஹைப்போ, அலசும் நீர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்கட்டும். ஒரு முழத் துண்டைக் கழுவிப் பார்த்த பிறகே முழுச் சுருளையும் இறக்கலாம். கையுறை அவசியம், மெட்டால் சிலருக்கு விரலில் சொறி உண்டாக்கும்.